கதவில் இரண்டு தட்டு

"பேசவே வேணாம்மா. ஏறி உக்காரு, ஒரு சிரிப்பு சிரி, இறங்கி வந்துடு. அவ்வளவுதான்."

"சிரிக்கணுமா சார்?"

"பல்லை எல்லாம் காட்டச் சொல்லல. குரூப் போட்டோவுக்கு நிக்கும்போது சிரிப்போம்ல, அந்த அளவுக்கு. செத்தவன் பொண்டாட்டியே ஏறி உக்காந்திருக்கா, நமக்கு என்ன பயம்னு பார்க்கிறவனுக்குத் தோணணும். வேற எந்த விளம்பரம் குடுத்தாலும் அந்த தைரியம் வராது."

சொல்லிவிட்டு முதலாளி தேநீரை உறிஞ்சினார். அவருக்கு எதிரே, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தவளுக்கு அந்தக் கம்பெனியில் 'தராசு' என்று பெயர். சுற்றுலா வருகிறவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, மலையையும் ஏரியையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, பதினெட்டு நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் கம்பெனி அது. ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் எடை பார்த்துச் சீட்டில் எழுதுவது அவள் வேலை. ஓட்டுவது அவள் புருஷன் வேலை; இருபத்திரண்டு நாளைக்கு முன்பு வரை.

அன்று, அருவிக்கு எதிரே அந்தரத்தில் நின்று காட்டிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர், நின்ற இடத்திலிருந்தே கீழே போனது. பயணிகள் நான்கு பேர், அவனோடு சேர்த்து ஐந்து. மறுநாள் தளத்தைப் பூட்டினார்கள். இன்று காலை தற்காலிக அனுமதியோடு பூட்டைத் திறந்தாயிற்று. புது ஹெலிகாப்டர், புது விமானி. முதல் சுற்றில் பத்திரிகைக்காரர்கள் பறக்கப் போகிறார்கள். விமானிக்குப் பக்கத்தில் அவள் உட்கார வேண்டும்.

"உனக்கு முன்னாடிதான் இடம். உன் வெயிட்டுதான் எங்க எல்லாருக்கும் தெரியுமே," என்றார் முதலாளி. சொன்ன பிறகு, சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

அவள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தாள். வெயிலில் தரை நெளிந்துகொண்டிருந்தது. புது ஹெலிகாப்டரை யாரோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே எடை பார்க்கிற விதமே தனி. வருகிறவர்கள் ஆசையோடு வருகிறவர்கள். அவர்கள் மனம் கோணக் கூடாது. அதனால் கவுன்டருக்கு முன்னால் விரித்திருக்கும் சிவப்புக் கம்பளத்துக்கு அடியில் எடைத் தகட்டைப் பதித்து வைத்திருந்தார்கள். 'உங்க பேரு? போன் நம்பர்?' என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு அடியில் இருக்கும் சின்னத் திரையில் எண் விழுந்துவிடும். நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஐந்து வருடத்தில் அவள் எத்தனையோ பேரின் முகத்தை மறந்திருக்கிறாள், எண்ணை மறந்ததில்லை. சில சாயங்காலங்களில் அவளுக்கு ஒரு நினைப்பு வரும்: தெருவில் போகிற எல்லோருக்கும் கீழே ஒரு தகடு இருக்கிறது, எங்கேயோ ஒரு மேசைக்கு அடியில் எல்லோருடைய எண்ணும் விழுந்துகொண்டே இருக்கிறது, அதை எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பயணிகள் நான்கு பேரும் சேர்ந்து முந்நூற்று இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒருவரை இறக்க வேண்டும். குடும்பமாக வந்தவர்களில் ஒருவரை இறக்கினால் நான்கு பேரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் முதலாளி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"ஆள் குண்டா இருக்கலாம். பேப்பர் ஒல்லியா இருக்கணும்."

அவளும் ஒல்லியாகவே எழுதினாள். தொண்ணூற்றாறு எண்பத்திரண்டாகும், எண்பத்தைந்து எழுபதாகும். புருஷனுக்கு இது தெரியும். அவன் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனால் காரியத்தில் கெட்டி.

"ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் காத்து கை குடுக்கும்," என்று அவன் அவளுக்கு விளக்கியிருந்தான். "ஒரே இடத்துல நிக்கும்போதுதான் வண்டி தன் சொந்த பலத்துல நிக்கணும். பாரம் ஜாஸ்தி, வெயிலும் ஜாஸ்தின்னா அருவி முன்னாடி நிக்கவே கூடாது. ஒரு வளைவு வளைஞ்சு வந்துடணும். ஜனங்க கேட்டா, காத்து சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

ஆனால் 'அருவிக்கு நேர் எதிரே ஒரு நிமிடம்' என்று தளமெங்கும் விளம்பரத் தட்டி வைத்திருந்தார்கள். காரணமில்லாமல் நிற்காமல் வந்தால் முதலாளி கத்துவார். எந்தச் சுற்றில் நிற்கலாம், எதில் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சீட்டில் இருப்பதோ பொய். உள்ளே எல்லோரும் ஹெட்போன் மாட்டியிருப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சீட்டை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். பாரம் அதிகம் என்றால், திரும்புவதற்கு முன் அவன் பக்கத்துக் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. தட்டவில்லை என்றால் பயமில்லை, நிற்கலாம். ஐந்து வருடம் அப்படித்தான் ஓடியது.

அதற்கு நடுவில்தான் அந்தத் தமாஷ் நடந்தது.

ஒரு மத்தியானம், பயணிகள் இல்லாத நேரம். அவள் ஏதோ எடுக்கக் கவுன்டரைச் சுற்றி வந்து கம்பளத்தில் நின்றாள். அவன் விளையாட்டாக மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அறிவிப்பு மைக்கைப் போட்டுவிட்டான். "பயணிகள் கவனிக்கவும். எங்க வீட்டம்மா எண்பத்தி நாலு கிலோ. இவங்க பின்னாடி உக்காந்தா நான் ஆகாசத்தப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டணும்." தளம் முழுக்கக் கேட்டது. முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெட்டி தூக்குகிறவன், ஐம்பது வயது ஆள், அவனை எல்லோரும் 'மூட்டை' என்பார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டான். அவளும் சிரித்தாள். சொல்லப்போனால் முதலில் சிரித்தவளே அவள்தான்.

வீட்டுக்குப் போன பிறகு பேச்சை நிறுத்தினாள். சமைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். "சும்மா தமாஷுக்குத்தானே," என்று அவன் கதவோரம் நின்று சொன்னான். அவளுக்கு அது போதவில்லை. மைக்கில் சொன்னதற்கு மைக்கில் மன்னிப்பு வேண்டும் என்று இருந்தது. அதை வாயைத் திறந்து சொல்லவும் மனமில்லை. அவனுக்கே தோன்ற வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எடை குறைவான ஆட்கள்தான் வந்தார்கள். தட்ட வேண்டிய வேலையே வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, தோள் அகன்ற இரண்டு பிள்ளைகள். பெற்றோரின் முப்பதாவது திருமண நாளாம். திரையில் விழுந்த எண்களைக் கூட்டினால் முந்நூற்று எழுபத்தொன்று. அவள் முந்நூற்றுப் பதினெட்டு என்று எழுதி, சீட்டை மூட்டையிடம் நீட்டினாள்.

"நீங்க போகலியாக்கா?"

"கால் வலிக்குது. நீயே குடுத்துட்டு வா."

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவன் சீட்டை வாங்கினான். ஒரு பக்கத்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு கவுன்டர் பக்கம் பார்த்தான். சும்மா பார்க்கவில்லை, காத்திருந்து பார்த்தான். பார்க்கட்டும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டுமென்றால் இறங்கி வந்து கேட்கட்டும். மேலே தூக்கும்போதே பாரம் கைக்குத் தெரியாதா, பச்சைக் குழந்தையா என்ன. இப்படி எல்லாம் நினைத்தாள் என்பதை இந்த இருபத்திரண்டு நாளில் அவள் மறக்கவே இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது. கோபம் இன்னும் போகவில்லை. மன்னிப்புக் கேட்காமலே செத்துப்போய்விட்டான் என்று பிணத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதபோதுகூட அவளுக்கு உள்ளே எரிந்தது.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் முதலாளி. மேசை மேல் ஒரு தட்டச்சுத் தாளை நகர்த்தினார். "மத்தியானம் விசாரணை ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள இதுல ஒரு கையெழுத்து."

அவள் படித்தாள். 'காற்று பலமாக இருந்ததால் அருவியின் முன் நிற்க வேண்டாம் என்று, வழக்கப்படி நான் விமானியின் கதவில் இரண்டு முறை தட்டி எச்சரித்தேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் நின்றார்.' கீழே அவள் பெயர், புள்ளி வைத்த கோடு.

கதவுத் தட்டு வேறு யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

"மூட்டை எல்லாத்தையும் சொல்லிட்டான்," என்றார் முதலாளி. "அஞ்சு வருஷமா பார்க்கிறவன்தானே. அன்னைக்கு நீ எழுந்தே போகலைங்கிறதையும் சொன்னான். நல்ல மனுஷன், பாவம். நான் சொன்னா, அக்கா போனாங்க, என் கண்ணால பார்த்தேன்னு சொல்லுவான். நான் சும்மா இருந்தா, நடந்ததச் சொல்லுவான். எது வேணும்?"

"நான் தட்டல சார். இது பொய்."

"பொய்யா? முந்நூத்திப் பதினெட்டுன்னு சீட்டுல எழுதியிருக்கே, அது நிஜமா?"

"நீங்கதானே ஒல்லியா எழுதச் சொன்னீங்க."

"நானா? எங்க, எழுதிக் குடுத்திருக்கனா?" அவர் குரல் உயரவே இல்லை. அடுத்த வாரம் யாருக்கு விடுப்பு என்று பேசுகிற குரல்தான் அது. "கையெழுத்து யாருது? உன்னுது. புருஷனோட மூணு நாளா பேச்சு வார்த்தை இல்ல. ஏறப் போற பாரம் உனக்குத் தெரியும். காலங்காலமாத் தட்டுறவ அன்னைக்குத் தட்டல. இதை ஒரு போலீஸ்காரன் எப்படிப் படிப்பான்னு யோசிச்சுப் பாரு. நான் யோசிச்சேன். எனக்கே பயமா இருந்துச்சு."

தாளில் 'பொருட்படுத்தாமல்' என்ற இடத்தில் அவள் விரலை வைத்தாள்.

"அவர் பேரு கெட்டுப் போயிடுமே சார். நாலு பேரைக் கொன்னவன்னு..."

"செத்தவனுக்குப் பேரு எதுக்கும்மா? அவன் என்ன வேற கம்பெனிக்கு வேலை கேட்டா போகப் போறான்?" பேனாவின் மூடியைக் கழற்றி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீ போகணும். உனக்குத்தான் பேரு வேணும்."

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்து, எடைச் சீட்டில் இருப்பது போலவே நேராக வந்தது.

விசாரணை அதிகாரி பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். நல்ல மாதிரி மனிதர். செருப்பை வெளியே விடலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். தாளை இரண்டு முறை படித்தார். மூட்டையைக் கூப்பிட்டுக் கேட்டார். மூட்டை தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, அக்கா போனாங்க, ரெண்டு தட்டு தட்டுனாங்க," என்றான்.

"இது நீங்களா சொன்னதுதானேம்மா? யாரும் வற்புறுத்தலியே?"

"இல்லங்க."

"உங்க மேல எந்தத் தப்பும் இல்ல," என்று அவர் எழுந்து நின்று சொன்னார். "நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கீங்க. அவர் கேட்டிருந்தா அஞ்சு உயிர் இருந்திருக்கும். மனசத் தேத்திக்குங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே காத்திருந்த பத்திரிகைக்காரர்களிடம் போய் அதையே சொன்னார்: எச்சரிக்கை செய்யப்பட்டது, விமானி மதிக்கவில்லை. அவர்கள் நின்ற இடத்திலேயே செல்போனில் அடித்து அனுப்பினார்கள்.

பிறகு அவர்களை எடை பார்த்தாள். "இன்னைக்கு மட்டும் பேப்பரும் ஆளும் ஒண்ணா இருக்கட்டும்," என்று முதலாளி காதோரம் வந்து சொல்லியிருந்தார். தொண்ணூற்றெட்டு கிலோ கேமராக்காரர் ஒருவர் கம்பளத்தில் நின்றதும் அவள் கண்ணைக் காட்டினாள். முதலாளி அவர் தோளில் கை போட்டு, "நீங்க கீழ இருந்து எடுத்தாத்தான் சார் கம்பீரமா இருக்கும்," என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். எலும்பும் தோலுமாக மூன்று பேர் பின்னால் ஏறினார்கள். அவள் முன்னால் ஏறினாள். அவளையும் சேர்த்து இருநூற்று அறுபத்திரண்டு. ஐந்து வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான சீட்டை அவள் எழுதியதே இல்லை.

புது விமானி சின்ன வயசுக்காரன். ஹெட்போனில் ஓயாமல் பேசினான். இடது பக்கம் ஏரி, வலது பக்கம் பழைய கோட்டை, அதோ ஆடுகள், பாருங்க, எறும்பு மாதிரி. அவள் ஐந்து வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தும் ஒரு முறைகூட மேலே போனதில்லை. கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கூப்பிடுகிறவனும் சிரித்துக்கொண்டே போய்விடுவான். மேலிருந்து பார்த்தால் எதற்குமே எடை இல்லாதது போல இருந்தது. வீடுகளைக் கிள்ளி எடுத்துவிடலாம்.

அருவிக்கு எதிரே போய் ஹெலிகாப்டர் நின்றது. இரைச்சலில் உடம்பு முழுக்க அதிர்ந்தது. கண்ணாடியில் சாரல் அடித்தது. கீழே கறுத்த பாறை. அதைக் கழுவிவிடச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். அனுப்பியே இருக்க வேண்டாம், இருபத்திரண்டு நாளாக அருவியே கழுவிக்கொண்டிருந்தது. பாறையின் ஒரு விளிம்பில் மட்டும் பழைய ஹெலிகாப்டரின் நீலச் சாயம் கொஞ்சம் தெரிந்தது.

"மேடம், இந்தப் பக்கம்," என்றான் பின்னால் இருந்தவன். "அருவியும் வரணும். கொஞ்சம் தள்ளிக்குங்க. ஆங். சிரிங்க."

சிரித்தாள்.

"இன்னொண்ணு. இப்ப கொஞ்சம் சோகமா, ஆனா தைரியமா."

அதையும் செய்தாள். ஹெலிகாப்டர் அசையாமல் நின்றது. ஒரு முழு நிமிடம், தட்டியில் போட்டிருந்தபடி.

இறங்கி வந்தபோது தளத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. முதலாளி கணக்குப் போட்டது சரிதான். ஜனங்கள் அவளைப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்து, "உங்க மாதிரி மனசு யாருக்கும்மா வரும்," என்றாள். மூட்டை ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனான். அவள் கவுன்டரில் உட்கார்ந்து பெயர் கேட்க ஆரம்பித்தாள். அறுபத்து மூன்று. எழுபத்தொன்று. எண்பத்தெட்டு.

ஏழாவதாக வந்தவள் பெயர் சொல்லவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார்.

புருஷனுக்கு ஒரே தங்கை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். காரியம் முடிந்து மாமியார் வீட்டைவிட்டு வந்த பிறகு அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை. போன் வந்தபோதும் எடுக்கவில்லை. வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று நாத்தனார் வரிசையில் நின்றே வந்திருக்கிறாள். கையில் டிக்கெட் இருந்தது.

"நியூஸ் வந்துடுச்சு அண்ணி," என்றாள் நாத்தனார். குரல் தணிந்திருந்தது. பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிற தணிப்பு. "ரெண்டு தட்டு தட்டுனீங்களாம். அவன் கேக்காம நின்னானாம்."

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அண்ணன் எப்பவோ சொல்லியிருக்கான். உங்க அண்ணி தட்டுனா எமனே வந்து நில்லுடான்னாலும் நிக்க மாட்டேன்னு சொல்லுவான். அப்போ நீங்க தட்டல. அவ்வளவுதானே?"

"இங்க வேணாம்மா."

"சண்டை போட வரல அண்ணி. அன்னைக்குக் காலைல எனக்கு போன் பண்ணுனான். 'உங்க அண்ணி மூணு நாளா பேசலடி, மைக்குல மன்னிப்புக் கேக்கலாம்னு இருக்கேன், நாலு வரி நல்லா எழுதிக் குடு'ன்னான். சாயங்காலம் கடைசி ட்ரிப் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் படிக்கிறதா இருந்தான். நான் எழுதிக்கூட அனுப்பல. போடா, உனக்கு வேற வேலை இல்லன்னு கிண்டல் பண்ணிட்டு வச்சிட்டேன்."

வரிசையில் யாரோ, "சீக்கிரம் ஆகட்டுங்க," என்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் புது ஹெலிகாப்டரின் விசிறி சுற்றத் தொடங்கியது. அவளுக்கு அந்த நாலு வரி என்னவாக இருந்திருக்கும் என்று மட்டும் ஓடியது. அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டு வாசக் கதவுல தினமும் யாரோ கரியால நாலு கோடு போட்டுட்டுப் போறாங்க," என்றாள் நாத்தனார். "நாலு பேருக்கு நாலு கோடு. அம்மா காலைல எழுந்து துணிய நனைச்சுத் துடைக்கிறாங்க. யார் போட்டான்னு திட்டக்கூட மாட்டேங்கிறாங்க. 'எம்புள்ள கொன்னுருக்கான்ல, போடட்டும்'ங்கிறாங்க. இன்னைக்கு நியூஸப் பார்த்துட்டு, 'சொல்லியும் கேக்கலியாமே, அவ்வளவு திமிராடி அவனுக்கு, நான் அப்படியா வளர்த்தேன்'னு கேக்குறாங்க. ஏற்கெனவே சாப்பிட்டு மூணு நாளாகுது."

"அடுத்த ஆள் வரலாம்," என்று முதலாளி தூரத்திலிருந்து கையைத் தட்டினார். நாத்தனார் நகரவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஆபீசருக்குத் தெரிய வேணாம். பேப்பர்காரங்களுக்குத் தெரிய வேணாம். நீங்க போட்ட கையெழுத்து அப்படியே இருக்கட்டும், அதை நான் கேக்கல. ஏன் தட்டலன்னும் கேக்க மாட்டேன். அம்மா வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்காங்க. அஞ்சே நிமிஷம் வந்து, 'உங்க புள்ள திமிர்ல நிக்கல அத்தை'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க. வர்றீங்களா அண்ணி?"